அப்பாவின் பென்டாக்ஸ் லென்ஸை நிக்கான் டி5600-இல் மாட்டலாமா?

மலைக்கோட்டை:
வணக்கம். பீரோவை ஒழிக்கும்போது அப்பாவின் பென்டாக்ஸ் கே1000 ஃபிலிம் கேமரா கிடைத்தது. ஷட்டர் சிக்கிக் கிடக்கிறது, ஆனால் லென்ஸ் நன்றாக இருக்கிறது. 50 எம்.எம்., எஃப் 2. அபர்ச்சர் (ஒளி நுழையும் திறப்பு) வளையம் ஒவ்வொரு எண்ணிலும் ‘டிக்’ என்று நிற்கிறது. என் சின்ன வயதுப் படங்கள் எல்லாம் இதில் எடுத்தவைதான். மகளையும் இதிலேயே எடுக்க ஆசை. என்னிடம் இருப்பது நிக்கான் டி5600 டிஜிட்டல் கேமரா. கடையில் நடுவில் கண்ணாடி வில்லை வைத்த அடாப்டர் (வேறு கம்பெனி லென்ஸை மாட்டும் இணைப்பு) ஒன்று காட்டினார்கள். வாங்கலாமா?

ஒளிப்பெட்டி:
வேண்டாம். பென்டாக்ஸ் கே மவுண்டிலிருந்து (லென்ஸ் மாட்டும் வாய்) ஃபிலிம் வரை 45.46 மி.மீ. தூரம். நிக்கானில் 46.5. ஒரு மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். அந்த ஒன்று தள்ளி உட்கார்ந்தாலே 50 எம்.எம். லென்ஸ் சுமார் இரண்டரை மீட்டருக்கு அப்பால் ஃபோகஸ் ஆகாது. அடாப்டரின் தடிமனும் சேர்ந்தால் இன்னும் மோசம். அதைச் சரிக்கட்டத்தான் நடுவில் அந்தக் கண்ணாடி. மலிவான ஒன்றை வாங்கி நான் பட்டிருக்கிறேன்: தெருவிளக்கைச் சுற்றிப் பால் கொட்டியது போல ஒரு மங்கல். அப்புறம், டி5600 இந்த லென்ஸுக்கு ஒளி அளவும் காட்டாது.

மிரர்லெஸ் (உள்ளே ஆடி இல்லாத) கேமரா கிடைத்தால் கவலையே இல்லை. சோனி இ மவுண்டில் தூரம் 18 மி.மீ.தான். மிச்சத்துக்கு வெறும் உலோகக் குழாய் போதும். பி.கே–நெக்ஸ் அடாப்டர் என்று கேளுங்கள்.

கடலோரம்:
முதலில் லென்ஸுக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே சிலந்தி வலை மாதிரி கிளை கிளையாகத் தெரிந்தால் பூஞ்சை. ஒரு மழைக்காலம் கவனிக்காமல் விட்டு நல்ல லென்ஸ் ஒன்றை இழந்தேன். சிலிக்கா ஜெல் போட்டு, காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள்.

மலைக்கோட்டை:
பூஞ்சை இல்லை! மைத்துனரின் சோனி ஏ6000-ஐ வாங்கி வந்து குழாய் அடாப்டரோடு மாட்டினேன். படம் தெரிகிறது, ஷட்டர்தான் விழ மாட்டேன் என்கிறது.

ஒளிப்பெட்டி:
லென்ஸ் இருப்பதே கேமராவுக்குத் தெரியாது. மெனுவில் ‘ரிலீஸ் வித்தவுட் லென்ஸ்’ என்பதை எனேபிள் செய்யுங்கள். ஃபோகஸ் பீக்கிங்கையும் போடுங்கள், கூர்மையான இடம் நிறத்தில் மின்னும். எஃப் 2-இல் அதை மட்டும் நம்பாமல் ஒருமுறை பெரிதாக்கியும் பாருங்கள்.

மலைக்கோட்டை:
சரியாகிவிட்டது, மிக்க நன்றி. படம் விழும் சென்சார் ஃபிலிமைவிடச் சின்னது என்பதால் 75 எம்.எம். போலத்தான் தெரிகிறது. மகளை ஃபிரேமில் அடக்கப் பின்னால் நகர்ந்து நகர்ந்து சுவரில் முட்டி நின்றேன். எஃப் 2-இல் இமைமுடி ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிகிறது, காதோரத்துச் சுருள்முடி அப்படியே கரைந்து போகிறது. எஃப் 4-க்குத் திருப்பினேன். அந்த ‘டிக் டிக்’ சத்தம் கேட்டு அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார்.