மொழியாசிரியர் பெயரில் உடல்நலக் கட்டுரை: மேற்கோள்களை யார் கணக்கில் எழுதுவது?

கெடிலக்கரையான், கடலூர்:

எங்கள் பகுதியில் ஒரு கல்லூரியின் வாயிலில் சென்ற வாரம் ஒரு பதாகையைக் கண்டேன். ஆங்கிலத் துறைப் பேராசிரியை ஒருவரின் படத்துக்குக் கீழே அவருடைய கட்டுரைகளின் எண்ணிக்கை, அவற்றைப் பிறர் தம் கட்டுரைகளில் சுட்டிய மேற்கோள்களின் எண்ணிக்கை, இவ்விரண்டையும் சேர்த்து அளக்கும் எச் குறியீடு ஆகிய மூன்றையும், மட்டையாளரின் ஓட்டக் கணக்கைப் போலப் பெரிய எழுத்தில் அச்சிட்டு, மொழி கற்பித்தலில் அவர் செய்த சாதனை என்று பாராட்டியிருந்தார்கள். வீடு திரும்பியதும், ஆய்வுக் கட்டுரைகளையும் அவற்றின் மேற்கோள்களையும் காட்டும் கூகுள் ஸ்காலர் தளத்தில் அவருடைய பக்கத்தைத் திறந்து பார்த்தேன். முதலில் நிற்கும் நான்கு கட்டுரைகளும் உடல்நலம் சார்ந்தவை. அதிக மேற்கோள் பெற்றது, நோயாளிகளிடம் கேட்கும் வினாநிரல் ஒன்றைத் தமிழாக்கிச் சோதித்த கட்டுரை. எழுதியவர்கள் ஏழு பேர், இவர் பெயர் ஐந்தாவது. ஆங்கிலம் கற்பித்தல் குறித்து இவர் தனியாக எழுதியவை பக்கத்தின் அடியில் கிடக்கின்றன. அவற்றுக்கு நேரே எண் இருக்கவேண்டிய இடம் வெறுமையாக இருக்கிறது.

அம்மையாரின் உழைப்பை நான் குறை சொல்லவில்லை. மருத்துவத் துறையில் மேற்கோள்கள் இயல்பாகவே குவியும்; மொழி கற்பித்தலில் குவியாது. பக்கத்து வயலின் நெல்லைத் தன் களத்தில் கொட்டி அளந்து காட்டினால், அளவு சரியாக இருந்தாலும் அது தன் வயலின் விளைச்சல் ஆகாது. மொழித் துறையின் பதவி உயர்வுக்கோ விருதுக்கோ இந்த மேற்கோள்களைக் கணக்கில் எடுப்பது முறையன்று என்பதே என் கருத்து.

லாசுப்பேட்டை வாசகி, புதுச்சேரி:

ஐயா, செவிலியர் கல்லூரியில் பயிற்றுவிப்பவள் என்ற முறையில் மறுக்கிறேன். வினாநிரலைத் தமிழாக்குவதை ஏதோ மருத்துவர்களுக்குச் செய்து கொடுத்த எடுபிடி வேலையைப் போல எழுதியிருக்கிறீர்கள்.

மனச்சோர்வை அளக்க உலகெங்கும் பயன்படும் பி.எச்.க்யூ. 9 என்ற வினாநிரலை எடுத்துக்கொள்வோம். அதன் 9 கேள்விகளும் 'கடந்த இரண்டு வாரங்களில்' என்ற வரம்புக்குள் கேட்கப்படுகின்றன. பண்ருட்டிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பாட்டியிடம் என் மாணவி அப்படியே கேட்டாள். பாட்டிக்கு இரண்டு வாரம் என்ற கணக்கே பிடிபடவில்லை. 'போன அமாவாசைக்கு முன்னாடியா, அப்புறமா?' என்று திருப்பிக் கேட்டார். விடைகளிலும் அதே சிக்கல்தான். 'சில நாட்கள்', 'பாதி நாட்களுக்கு மேல்', 'ஏறக்குறைய எல்லா நாளும்' என்று படிப்படியாகத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், நம் ஊர்ப் பெரியவர்கள் 'அப்பப்ப வரும், போவும்' என்று சொல்லிவிடுவார்கள். அந்தப் பதிலை எந்தப் படியில் வைப்பது? இதற்காகத்தான் ஒருவர் தமிழாக்க, மூலத்தைப் பார்த்திராத இன்னொருவர் அதை மீண்டும் ஆங்கிலமாக்க, இரண்டையும் ஒப்பிட்டுத் திருத்தி, பிறகு நோயாளிகள் சிலரிடம் கேட்டுப் பார்த்து, அவர்கள் என்ன புரிந்துகொண்டார்கள் என்று விசாரித்து மறுபடியும் திருத்துகிறார்கள். இந்த வேலையில் மருத்துவம் எவ்வளவு, மொழி எவ்வளவு என்று தாங்களே சொல்லுங்கள்.

காலாப்பட்டு ஆய்வு மாணவன், புதுச்சேரி:

இருவருமே மேற்கோள் என்பது பாராட்டுக்கு அடையாளம் என்று வைத்துக்கொண்டு பேசுகிறீர்கள். யூஜின் கார்ஃபீல்டு 1964-இல் அறிவியல் மேற்கோள் சுட்டியைக் கொண்டுவந்தபோது அதன் முதன்மையான பயன், ஒரு கட்டுரையிலிருந்து தொடர்புடைய மற்ற கட்டுரைகளைத் தேடிச் செல்வதுதான். ஆளை அளக்கும் கோலாக அது பின்னால் மாறியது. எச் குறியீட்டை இயற்பியலாளர் ஹோர்ஹே ஹிர்ஷ் 2005-இல் முன்வைத்தார். ஒருவருடைய 5 கட்டுரைகள் முறையே 40, 12, 5, 4, 1 முறை மேற்கோள் பெற்றிருந்தால், 4 கட்டுரைகள் தலா 4 முறையாவது மேற்கோள் பெற்றிருப்பதால், அவருடைய எச் குறியீடு 4. அந்த 40 என்பது 400 ஆனாலும் 4-தான். உயிரியல் துறைகளில் இந்த எண் உயர்ந்தே இருக்கும் என்பதை ஹிர்ஷே அதே கட்டுரையில் சொல்லிவிட்டார். அதனால் இரு துறைகளில் கால் வைத்தவரின் எண்ணை ஒரு துறையில் மட்டும் உழைப்பவரின் எண்ணோடு ஒப்பிடக்கூடாது என்பதில் கெடிலக்கரையான் ஐயாவோடு உடன்படுகிறேன்.

வினாநிரல் கட்டுரைகளுக்கு இன்னொரு தன்மையும் உண்டு. கருவியைப் பயன்படுத்தும் ஒவ்வொருவரும், அது வழக்கம் என்பதனாலேயே, அக்கட்டுரையைச் சுட்டுகிறார்கள். படித்தார்களா என்பது வேறு விஷயம்.

கூகுள் ஸ்காலரின் எண்ணை அப்படியே பதாகையில் ஏற்றுவதும் ஆபத்தானது. ஆய்விதழ்க் கட்டுரைகளோடு ஆய்வேடு, முன்பதிப்பு, கருத்தரங்கத் தொகுப்பு என்று இணையத்தில் கிடைப்பதையெல்லாம் அது சேர்த்துக்கொள்ளும். பிரான்சின் கிரனோபிள் நகரைச் சேர்ந்த சிரில் லாபே என்ற ஆய்வாளர் 2010-இல் 'ஐக் ஆன்ட்கேர்' என்று இல்லாத ஓர் அறிஞரை உருவாக்கி, கணினி நிரல் எழுதிய பொருளற்ற கட்டுரைகளை ஒன்றையொன்று மேற்கோள் காட்டச் செய்து, அந்தக் கற்பனை மனிதருக்கு 94 என்ற எச் குறியீட்டை வாங்கிக் கொடுத்துவிட்டார். மெய்யான அறிஞர்கள் பலர் ஆயுள் முழுதும் எட்டாத எண் அது.

மஞ்சக்குப்பம் ஓய்வாசிரியர், கடலூர்:

இளைஞர்கள் எண்ணைப் பழிப்பது எளிது. எண் இல்லாத காலத்தில் நாங்கள் பட்ட பாடு உங்களுக்குத் தெரியாது. நான் பணியாற்றிய இடத்தில், நேர்காணல் அறைக்குள் போகும் முன்பே யாருக்குப் பதவி உயர்வு என்பது வராந்தாவில் இருந்த பியூனுக்குத் தெரிந்திருக்கும். குழுவில் இருப்பவர் யாருக்கு மாமன், யாருக்கு மச்சான் என்பதே தகுதியாக இருந்தது. பரிந்துரைக்க ஆளில்லாத, காட்டுமன்னார்கோவில் பக்கத்துச் சிற்றூரிலிருந்து வந்த ஒரு பெண், தன் கட்டுரையை இத்தனை பேர் எடுத்தாண்டிருக்கிறார்கள் என்று ஒரு தாளை மேசையில் வைக்க முடிவது சிறிய காரியம் அன்று. எண் பிழையானது என்று சொல்லி அதை எடுத்துவிட்டால் அந்த இடத்தில் என்ன வந்து உட்காரும் என்பதை நான் கண்ணால் பார்த்தவன்.

அதே வேளையில், எண்ணுக்கென்றே எழுதும் நோயையும் பார்த்துவிட்டோம். 2010-இல் பல்கலைக்கழக மானியக் குழு, ஆசிரியர்களின் பதவி உயர்வுக்குக் கட்டுரைகளையும் எண்ணும் மதிப்பெண் முறையைக் கொண்டுவந்த பிறகு, காசு வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் இதழ்கள் மழைக்காளான்களாக முளைத்தன. குழு தான் ஏற்றுக்கொண்ட இதழ்களின் பட்டியலிலிருந்து 2018 மே மாதம் 4,305 இதழ்களை ஒரே மூச்சில் நீக்கியது. அதன்பின் தரமான இதழ்களுக்கென்று குழு கொண்டுவந்த கேர் பட்டியலையும் 2025 பிப்ரவரியில் கைவிட்டு, இதழின் தரத்தை அந்தந்தக் கல்வி நிறுவனமே முடிவு செய்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்கள். அதாவது பந்து மறுபடியும் மாமன் மச்சான் கைக்கே வந்துவிட்டது. ஆகையால் எண்ணும் இருக்கட்டும், எண்ணைப் படிக்கத் தெரிந்தவர்களும் குழுவில் இருக்கட்டும் என்கிறேன்.

கெடிலக்கரையான், கடலூர்:

ஓய்வாசிரியர் ஐயாவின் அனுபவத்தை மதிக்கிறேன். ஆனால் அந்தச் சிற்றூர்ப் பெண் தனியாளாக உழைத்து, அரசுப் பள்ளியின் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் ஆங்கிலச் சொற்றொடரில் எங்கே தடுக்குகிறார்கள் என்று தமிழில் ஒரு கட்டுரை எழுதியிருந்தால், மேசையில் வைக்க அவரிடம் தாளே இருக்காதே? ஆய்விதழ்களின் மேற்கோள்களைத் தொகுக்கும் ஸ்கோப்பஸ் தரவுத்தளத்தில் தமிழில் வெளிவரும் இதழ்களைத் தேடுவது கடலில் ஊசி தேடுவதைப் போன்றது. தமிழில் எழுதியதைத் தமிழில் மேற்கோள் காட்டினால் அந்தக் கணக்குக் கருவிகளின் கண்ணில் பெரும்பாலும் படாது. இந்நிலையில் மொழியாசிரியர்கள் மருத்துவக் கட்டுரைகளில் ஐந்தாவது பெயராகச் சேர ஓடுவது வியப்பன்று. மொழித் துறைக்கு என்ன மிஞ்சும் என்பதே என் கவலை.

லாசுப்பேட்டை வாசகி, புதுச்சேரி:

தமிழ் எழுத்துகள் எண்ணப்படுவதில்லை என்பதில் தங்களோடு சேர்ந்து நானும் குரல் கொடுப்பேன். 2015-இல் நேச்சர் இதழில் வெளிவந்த, ஆய்வை எண்களால் மதிப்பிடுவது பற்றிய லெய்டன் அறிக்கையின் பத்து நெறிகளுள் ஒன்றே, உள்ளூருக்குப் பயன்படும் ஆய்வைக் காக்கவேண்டும் என்பதுதான். ஆனால் மருத்துவத்தோடு சேர்வதை ஓடிப்போவதாகத் தாங்கள் பார்ப்பதை ஏற்கமாட்டேன்.

2019 முதல் எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்தின் தொடக்கப் பயிற்சியில் வட்டார மொழியும் இடம்பெறுகிறது. வெளிமாநிலப் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுப்பவர் எதைச் சொல்லிக்கொடுப்பார்? 'நெஞ்சு கரிக்கிறது' என்பதை 'நெஞ்சு வலிக்கிறது' என்று எழுதிக்கொண்ட மாணவரை நான் பார்த்திருக்கிறேன். அமிலம் மேலேறுவதற்கும் மாரடைப்புக்கும் இடையில் நின்றது அந்த ஒரு வினைச்சொல்தான். 'மயக்கமா வருது' என்றால் ஒருவருக்குத் தலைசுற்றல், இன்னொருவருக்குக் குமட்டல், வேறொருவருக்கு உண்மையிலேயே நினைவு தப்புதல். பதாகையில் உள்ள அதே பேராசிரியை இப்படிப்பட்ட சொற்களைத் தொகுத்து ஒரு சிறு கையேடு செய்திருக்கிறார். நகலெடுத்து, ஓரத்தில் பின் அடித்து, எங்கள் மாணவிகள் சீருடைப் பையிலேயே வைத்திருக்கிறார்கள். அதற்கு மேற்கோள் ஒன்றுகூட இல்லை.

இது புதிய வழியும் அன்று. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் சாமுவேல் பிஸ்க் கிறீன் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே மருத்துவத்தைத் தமிழில் கற்பித்து, அதற்கான நூல்களையும் தமிழாக்கினார். அவரை மொழிக் கணக்கில் எழுதுவீர்களா, மருத்துவக் கணக்கிலா?

காலாப்பட்டு ஆய்வு மாணவன், புதுச்சேரி:

அம்மா, கையேடு பயன்படுகிறது என்று தாங்கள் சொல்வதை நம்புகிறேன். மதிப்பீட்டுக் குழு நம்பவேண்டிய கட்டாயம் இல்லை. எந்த வகுப்புகளில், எந்த ஆண்டு முதல் பயன்படுகிறது என்று துறைத்தலைவரின் கையெழுத்தோடு ஒரு கடிதம் வேண்டும். இல்லையென்றால் நாளைக்கு ஆளுக்கொரு கையேட்டோடு வந்து நிற்பார்கள்.

ஐந்தாவது பெயர் பற்றியும் ஒரு செய்தி. பல ஆய்விதழ்கள் இப்போது எழுதியவர் ஒவ்வொருவரும் என்ன செய்தார் என்று பங்களிப்புக் கூற்று கேட்கின்றன. அதற்கான 'கிரெடிட்' வகைப்பாட்டில் 14 பணிகள் உள்ளன: கருத்துருவாக்கம், முறையியல், மென்பொருள், நிதி திரட்டல் என்று போகும். அவற்றுள் மொழிபெயர்ப்பு தனிப் பணியாக இல்லை. கட்டுரையின் முதல் வரைவை எழுதுதல் என்ற பணியின் விளக்கத்தில் மட்டும், கணிசமான மொழிபெயர்ப்பும் இதில் அடங்கும் என்று போகிறபோக்கில் ஒரு குறிப்பு வருகிறது. அது கட்டுரையை மொழிபெயர்ப்பதற்கு. கருவியை மொழிபெயர்த்தவர் முறையியலிலோ சரிபார்ப்பிலோ ஒண்டிக்கொள்ளவேண்டியதுதான். நிதி வாங்கித் தந்தவருக்குத் தனி இருக்கை உண்டு, வினாநிரலைப் பாட்டிக்குப் புரியவைத்தவருக்கு இல்லை.

கெடிலக்கரையான், கடலூர்:

நேற்றிரவு அந்தக் கட்டுரையை முழுதாகப் படித்தேன், முதலிலேயே படித்திருக்கவேண்டும். பங்களிப்புக் கூற்றில் பேராசிரியைக்கு முறையியல், சரிபார்ப்பு என்று இரண்டு பணிகள் போட்டிருக்கிறார்கள். அதை மேற்கோள் காட்டிய கட்டுரைகளில் திறந்து படிக்கக் கிடைத்தவற்றையும் புரட்டினேன். பெரும்பாலானவை 'தமிழ் வடிவம் பயன்படுத்தப்பட்டது' என்ற ஒரே வரியில் முடித்துக்கொள்கின்றன. தமிழ் வடிவம் என்றுதான் எல்லோரும் சுட்டுகிறார்கள் என்பதால், அது மொழிப்பணி என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் அது மொழி ஆய்வே தவிர மொழி கற்பித்தல் அன்று. பதாகை சொன்னது கற்பித்தலை.

லாசுப்பேட்டை வாசகி, புதுச்சேரி:

முறையியல் பகுதியின் கடைசிப் பத்தியைப் பார்த்தீர்களா, ஐயா? நேர்காணல் செய்த செவிலிய மாணவிகளுக்கு, கேள்வியை எப்படிக் கேட்பது, 'அப்பப்ப' என்ற பதில் வந்தால் அடுத்து எப்படி விசாரிப்பது என்று இரண்டு நாள் பயிற்சி அளித்தவரும் அவரே.

கெடிலக்கரையான், கடலூர்:

பார்த்தேன், அம்மா. அந்த இரண்டு நாளையும் கையேட்டையும் பதாகையில் போட்டிருந்தால் நான் இந்த இழையைத் தொடங்கியே இருக்கமாட்டேன்.