கோத்தகிரியிலிருந்து லண்டன்: முதல்முறை பறக்கும் அப்பா அம்மாவுக்கு எந்த வழி, எந்த சீட்?

அரவேணு_பையன்

வணக்கம். நவம்பர் கடைசியில் அப்பா (72), அம்மா (68) லண்டன் போகிறார்கள். இருவருக்கும் இதுதான் முதல் விமானப் பயணம், துணைக்கு ஆள் இல்லை. அம்மாவுக்கு வலது முட்டி வலி, படி ஏற முடியாது. மலையிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கினாலே காது அடைத்துக்கொள்ளும். அப்பாவுக்குச் சர்க்கரை, சாப்பாட்டுக்கு முன் ஒரு இன்சுலின், இரவில் ஒன்று. இருவரும் முட்டைகூடத் தொடாத சைவம்.

பெங்களூரிலிருந்து நேரடி விமானம், காலை 7 மணிக்கு. இல்லையென்றால் கோவையில் ஏறி வளைகுடாவில் மாற வேண்டும். இதில் ஆளுக்கு 14,000 ரூபாய் குறைவு, மாறுவதற்கு 1 மணி 35 நிமிடம். எதைப் போடலாம்? அவ்வளவு உயரத்தில் மூச்சு முட்டுமா என்று வேறு அம்மா கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

கட்டபெட்டு

நேரடி விமானத்தைப் போடுங்கள். 1 மணி 35 நிமிடம் இளவட்டங்களுக்கே ஓட்டம்தான். வீல்சேர் கேட்டவர்களைக் கடைசியாகத்தான் இறக்குவார்கள். பெரிய விமானம் காலியாகவே 20 நிமிடத்துக்கு மேல் ஆகும். அப்புறம் வீல்சேர் தள்ளுபவர் வர வேண்டும், மறுபடி செக்யூரிட்டி, அங்கிருந்து அடுத்த கேட். அந்தக் கேட்டையும் புறப்படுவதற்கு 15, 20 நிமிடம் முன்பே மூடிவிடுவார்கள். மாறித்தான் போக வேண்டும் என்றால் இடைவெளி 3 மணி நேரமாவது இருக்கட்டும், முழுப் பயணமும் ஒரே முன்பதிவு எண்ணில் (பி.என்.ஆர்) இருக்கட்டும். தனித்தனி டிக்கெட் என்றால் முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது டிக்கெட் உங்கள் பாடு. பெட்டியையும் நடுவில் எடுத்து மறுபடி போட வேண்டும்.

வீல்சேர் உதவியில் மூன்று வகை உண்டு, ஒவ்வொன்றுக்கும் டிக்கெட்டில் ஒரு குறியீடு. படி ஏறுவார், நீண்ட தூரம் நடக்க முடியாது என்றால் டபிள்யூசிஎச்ஆர். படியே ஏற முடியாது என்றால் டபிள்யூசிஎச்எஸ். சீட் வரை கொண்டுபோய் உட்கார வைக்க வேண்டும் என்றால் டபிள்யூசிஎச்சி. அம்மாவுக்கு இரண்டாவதுதான் சரி. டிக்கெட் போடுபவர் யோசிக்காமல் முதல் வகையைப் போட்டுவிட்டால், விமானம் தூரத்தில் நிற்கும் நாளில் பஸ்ஸில் கொண்டுபோய்ப் படிக்கட்டின் கீழே நிறுத்திவிடுவார்கள். 48 மணி நேரம் முன்னதாகச் சொல்லுங்கள். திரும்பும் பயணத்துக்கும் பதிவாகியிருக்கிறதா என்று தனியாகப் பாருங்கள்.

லவ்டேல்_அக்கா

அம்மாவின் பயத்துக்கு முதலில் பதில். விமானம் 35,000, 40,000 அடியில் பறந்தாலும் உள்ளே காற்றழுத்தம் அதிகபட்சம் 8,000 அடி உயரத்துக்குச் சமமாக வைத்திருப்பார்கள். போயிங் 787, ஏர்பஸ் ஏ350 என்றால் சுமார் 6,000 அடி. 8,000 அடி என்பது ஊட்டியைவிடக் கொஞ்சம் மேலே, 6,000 என்பது கிட்டத்தட்ட உங்கள் கோத்தகிரி. இதய, நுரையீரல் கோளாறு இல்லாத மலைவாசிக்கு அது பழகிய காற்று. பழகாதது வறட்சிதான். ஈரப்பதம் 10 முதல் 20 சதவீதம். நம் பனிமூட்டத்தில் ஊறிய மூக்கும் தொண்டையும் காய்ந்துவிடும். ஒரு மணி நேரத்துக்கு ஒரு டம்ளர் தண்ணீர், மூக்குக்குச் சொட்டு உப்புநீர் போதும்.

காது வலிப்பது ஏறும்போது அல்ல, இறங்கும்போது. கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது; அதே அழுத்த மாற்றத்தை விமானம் 20, 25 நிமிடத்தில் கொடுத்துவிடும். ஆகவே இறங்கத் தொடங்கும் அறிவிப்பு வந்ததும் அப்பா அம்மாவை எழுப்பிவிட வேண்டும். தூங்குபவர் எச்சில் விழுங்குவது குறைவு, அதனால்தான் காது அடைத்தபடியே தரையிறங்குவார்கள். புளிப்பு மிட்டாய் ஒன்றை வாயில் ஒதுக்கிக்கொண்டு அடிக்கடி விழுங்கட்டும். போதவில்லையென்றால் மூக்கைப் பிடித்து, வாயை மூடி, மெதுவாக ஊதட்டும். ஓங்கி ஊதக்கூடாது. சளி பிடித்திருந்தால் மூக்கடைப்பு ஸ்ப்ரே உதவும், ஆனால் ரத்த அழுத்தம் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுத்தான்.

இன்சுலின் கைப்பையில்தான் போக வேண்டும். செக்-இன் பெட்டியில் உறைந்துபோனால் வீண். டாக்டர் கடிதம், மருந்துச்சீட்டு இரண்டும் கூடவே. சாப்பாட்டு ஊசியை டிரே மடிமேல் வந்த பிறகே போடச் சொல்லுங்கள். மூன்று வரிசை முன்னால் டிராலி வந்துவிட்டதே என்று ஊசி போட்டுக்கொள்வார்கள்; விமானம் குலுங்கும் என்று அறிவித்து டிராலியை உள்ளே தள்ளிவிட்டால் சர்க்கரை இறங்கிவிடும். சட்டைப்பையில் குளுக்கோஸ் இருக்கட்டும். நவம்பரில் லண்டன் நம்மைவிட 5½ மணி நேரம் பின்னால், அதாவது போகும் நாள் அவ்வளவு நீளும். இரவு ஊசியை எந்த நேரத்துக்கு மாற்றுவது என்பதை டாக்டரிடம் எழுதி வாங்குங்கள், வாய்ச்சொல்லாக வேண்டாம்.

கால் வீக்கத்துக்கு முழங்காலுக்குக் கீழ் வரும் அழுத்தக் காலுறை, அழுத்த அளவு 15–20 எம்எம் எச்ஜி. அளவைக் காலையில் எழுந்ததும் எடுங்கள்: கணுக்காலின் ஒல்லியான இடம், கெண்டைக்காலின் பருத்த இடம். சாயங்காலம் எடுத்தால் வீங்கிய காலின் அளவு வரும். அப்பாவுக்கு மட்டும் கேட்காமல் வாங்காதீர்கள். சர்க்கரையால் கால் ரத்தஓட்டம் குறைந்திருந்தால் அழுத்தக் காலுறை கெடுதல். ரத்தம் உறைவதைத் தடுக்க என்று ஆஸ்பிரினும் தாமாகப் போட வேண்டாம். பெங்களூர் வரை காரில் போவதும் உட்கார்ந்த நேரம்தான், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஜன்னலோரம்_வேண்டாம்

சீட்டுக்கு வருவோம். என்ன விமானம் என்று டிக்கெட்டிலேயே இருக்கும். 787, ஏ350 இரண்டிலும் எகானமியில் ஒரு வரிசைக்குப் பெரும்பாலும் 3-3-3 சீட் (கோடு உள்ள இடம் நடைபாதை). 777 என்றால் பல நிறுவனங்களில் 3-4-3, சீட் 17 அங்குலத்தை ஒட்டி. ஏ350 ஓரளவு தாராளம், 18 அங்குலம். முன்பின் இடைவெளி எல்லாவற்றிலும் 31, 32 அங்குலம்தான்.

எல்லோரும் ஜன்னலோரத்தை ஒட்டிய மூன்றைத்தான் பிடிப்பார்கள். இவர்களுக்கு நடுத்தொகுதிதான் நல்லது. நடைபாதை ஓரம் அம்மா, பக்கத்தில் அப்பா. அந்தத் தொகுதியில் மற்றவர்களுக்கு மறுபக்கம் தனி வழி இருப்பதால், யாரும் அம்மாவின் முட்டியைத் தாண்டிப் போக மாட்டார்கள். வலது முட்டி வலி என்றால் வலது கைப்பக்கம் நடைபாதை வரும் சீட்டாகப் பாருங்கள், காலை நீட்டலாம். டிராலி வரும்போது மட்டும் மடக்கிக்கொள்ளட்டும். அது இடித்தால் உயிர் போகும்.

அவசர வழி வரிசையை இவர்களுக்குத் தரமாட்டார்கள். தடுப்புச் சுவருக்கு முன்னுள்ள முதல் வரிசை காலுக்கு வசதிதான், ஆனால் கைப்பிடிகள் தூக்க வராது, கைப்பையை மேலே வைத்தாக வேண்டும், குழந்தைத் தொட்டிலும் அங்கேதான் மாட்டுவார்கள். மருந்துப் பையை எட்டி எடுக்க முடியாத சீட் அப்பாவுக்கு எதற்கு? கடைசி வரிசை சாயாது, கழிவறை வாசலும்கூட.

பலருக்குத் தெரியாத ஒன்று: நடைபாதைப் பக்கக் கைப்பிடி தூக்க வராது என்றே நினைப்போம். அதன் அடிப்பக்கம், சீட்டோடு சேரும் கீலுக்குப் பக்கத்தில் விரலால் தடவினால் சிறிய பொத்தான் இருக்கும். அழுத்திக்கொண்டே தூக்கினால் மேலே போய்விடும். முட்டி வலிக்காரர் பக்கவாட்டில் திரும்பிக் காலை வெளியே வைத்து எழுந்துவிடலாம். எல்லா வரிசையிலும் இருக்காது. பணிப்பெண்ணிடம் கேட்டால் செய்து தருவார்.

கழிவறையை வீட்டிலேயே சொல்லிக்கொடுங்கள். கதவின் நடுவில் அழுத்தினால் உள்பக்கமாக மடியும். தாழ்ப்பாளை முழுதும் தள்ளினால்தான் விளக்கு நன்றாக எரியும். ஃபிளஷ் அமுக்கியதும் உறிஞ்சும் சத்தம் பலமாக வரும், பயப்பட வேண்டாம். கழுவக் குழாய் இருக்காது. ஒரு காலி அரை லிட்டர் பாட்டில் கைப்பையில் இருந்தால் உள்ளே வாஷ்பேசினில் பிடித்துக்கொள்ளலாம். தரை ஈரம் தண்ணீர் என்று நம்பி வெறுங்காலோடு போகக்கூடாது. சாப்பாட்டு டிராலி கிளம்புவதற்கு முன்பே போய்வந்துவிட வேண்டும், பிறகு முக்கால் மணி நேரம் வழி அடைபடும்.

தேயிலைத்தூள்

சாப்பாடு: 'வெஜிடேரியன்' என்று மட்டும் போட்டால் முட்டையும் சீஸும் கலந்த வகை வரலாம். ஏவிஎம்எல் என்ற குறியீடுதான் இந்திய சைவம். அப்பாவுக்குச் சர்க்கரை என்று டிபிஎம்எல் (சர்க்கரைக்காரர் சாப்பாடு) போட்டுவிடாதீர்கள், அதில் மீனோ கோழியோ வரலாம். ஒருவருக்கு ஒரு குறியீடுதான். ஏவிஎம்எல் வாங்கி இனிப்பை ஒதுக்கட்டும். குறைந்தது 24 மணி நேரம் முன்பு, செக்-இன்னில் இன்னொரு முறை உறுதி.

டீயை நினைத்து ஏங்க வேண்டாம். ஊட்டியில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், விமானத்திலும் அதே கதை. நாம் பாலோடு சேர்த்துக் காய்ச்சி அந்தக் குறையைச் சரிக்கட்டுகிறோம். அங்கே பையை முக்குவதோடு சரி, சாயம் இறங்குமே தவிரச் சாரம் இறங்காது. வறண்ட காற்றில் நாக்குக்கு உப்பும் இனிப்பும் குறைவாகத்தான் தெரியும். எலுமிச்சை ஊறுகாய் கொடுத்தனுப்பலாம் என்று தோன்றும், ஆனால் கைப்பையில் ஊறுகாயை எடுத்துவிடுவார்கள். ஊட்டி வர்க்கி பிஸ்கட் கொண்டுபோகலாம். லண்டனில் நெய், பால்கோவா, பனீர் இறக்க அனுமதி இல்லை. பிஸ்கட், சாக்லேட், டீத்தூள் பரவாயில்லை. நீலகிரித் தைலம் 10 மில்லி பாட்டில் போதும், உள்ளே திறக்காமல் கைக்குட்டையில் முன்பே தொட்டு வைக்கட்டும். பெரிய பாட்டில் தீப்பற்றும் சரக்கு, செக்-இன் பெட்டியிலும் வேண்டாம்.

அரவேணு_பையன்

நன்றி அக்கா, அண்ணன்மாரே. நேரடி விமானமே போடுகிறேன். முதல் நாள் சாயங்காலம் 5 மணிக்கு ஊட்டி, கூடலூர் வழியாகக் கிளம்பினால் போதுமா?

கட்டபெட்டு

போதாது தம்பி. கூடலூர் தாண்டி வரும் பந்திப்பூர் காட்டுச் சாலை இரவு 9 முதல் காலை 6 வரை மூடல். வழியில் கூடலூரில் ஒரு லாரி நின்றுவிட்டால் முடிந்தது. சத்தியமங்கலம், திம்பம் வழியிலும் இரவுத் தடை உண்டு. நவம்பர் மழையில் மரம் விழுவதும் மண் சரிவதும் நமக்குப் புதிதல்ல. காலை 8 மணிக்கே கிளம்புங்கள். விமான நிலையம் ஊருக்கு வடக்கே இருக்கிறது, மைசூர்ப் பக்கமிருந்து போனால் பெங்களூரை முழுதும் கடக்க வேண்டும். ராத்திரி அந்தப் பக்கமே ஒரு அறை எடுத்துத் தங்கி, 4 மணிக்குள் கவுன்டரில் நிற்கட்டும். மலை இறங்கும்போது வாந்தி மாத்திரை போடுவதாக இருந்தால் அது காருக்கு மட்டும். தூக்கக் கலக்கத்தோடு அம்மாவை விமானத்தில் ஏற்ற வேண்டாம், தடுமாறி விழுவார்.