நான்கு ஆண்டு ஊதிய ஒப்பந்தம்: நிர்வாகம் கொடுத்த வரைவில் கையெழுத்திடலாமா?

கேள்வி: ஒரகடம் தொழிலாளி

அனைவருக்கும் வணக்கம். ஒரகடம் பகுதியில் வாகன உதிரிபாகங்கள் தயாரிக்கும் ஒரு தொழிற்சாலையின் பிரஸ் ஷாப்பில் (தகடுகளை இயந்திரத்தில் அழுத்தி வடிவமைக்கும் பிரிவு) பதினோரு ஆண்டுகளாக வேலை செய்கிறேன். நிரந்தரத் தொழிலாளர்கள் 340 பேர், அவர்களில் 290 பேர் எங்கள் சங்கத்தின் உறுப்பினர்கள். முந்தைய ஊதிய ஒப்பந்தம் முடிந்து ஒன்பது மாதங்கள் ஆகின்றன. பதினேழு சுற்றுப் பேச்சுவார்த்தைக்குப் பிறகு, சென்ற வியாழக்கிழமை இரண்டாம் ஷிப்ட் முடிந்ததும் நடந்த வாயில் கூட்டத்தில், நிர்வாகம் கொடுத்த வரைவை எங்கள் செயலாளர் கைபேசி வெளிச்சத்தில் வாசித்தார். இருந்தது ஒரே ஒரு நகல்தான். பேருந்து கிளம்பும் நேரம் என்பதால் பாதிப் பேருக்கு எதுவும் சரியாகக் காதில் விழவில்லை.

நான் குறித்துக்கொண்டவை இவை. நான்கு ஆண்டுகளில் மொத்தம் 12,000 ரூபாய் உயர்வு. அதில் முதலாண்டு 6,000, அடுத்த மூன்று ஆண்டுகளுக்கும் ஆண்டுக்கு 2,000. இந்த 12,000 என்பது சி.டி.சி. கணக்கு, அதாவது ஒரு தொழிலாளிக்காக நிறுவனம் செய்யும் மொத்தச் செலவின் கணக்கு. அடிப்படைச் சம்பளத்தில் சேருவது 2,400, சிறப்புப் படியும் வருகைப் படியுமாக 6,000, மீதி 3,600 நிர்வாகத்தின் பி.எஃப். பங்கு, பணிக்கொடை ஒதுக்கீடு, பேருந்து, கேன்டீன் என்று போகிறது. ஒன்பது மாத நிலுவைக்கு ஒரே தவணையில் 40,000 ரூபாய். பதிலுக்கு, என் இயந்திரத்தில் ஒரு ஷிப்டுக்கு 1,150 ஆக இருக்கும் உற்பத்தி இலக்கு 1,300 ஆக உயரும்.

ஒப்பந்தம் 18(1)-இன் கீழ்தான், அதாவது நிர்வாகமும் சங்கமும் நேரடியாகக் கையெழுத்திடும் முறையில்தான் போடப்படும் என்றும், மாத இறுதிக்குள் சங்கம் கையெழுத்திடாவிட்டால் வொர்க்ஸ் கமிட்டியோடு (நிர்வாகப் பிரதிநிதிகளும் தொழிலாளர் பிரதிநிதிகளும் உள்ள ஆலைக் குழு) ஒப்பந்தம் செய்துகொள்வோம் என்றும் நிர்வாகம் சொல்லியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பொதுக்குழுவில் வாக்கெடுப்பு. செயற்குழுவே இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. 18(1), தொழிலாளர் துறையின் சமரச அலுவலர் முன்னிலையில் போடும் 12(3) இரண்டுக்கும் நடைமுறையில் என்ன வேறுபாடு, இந்த வரைவில் வேறு எதைக் கவனிக்க வேண்டும் என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் கூட வேலை செய்பவர்களிடம் எடுத்துச் சொல்ல உதவியாக இருக்கும்.

பதில் 1: ஓய்வுபெற்ற சங்கச் செயலாளர், அம்பத்தூர்

தம்பி, நான்கு ஒப்பந்தங்களில் கையெழுத்திட்டவன் என்ற முறையில் சொல்கிறேன். 12,000 என்ற எண்ணை முதலில் ஓரமாக வையுங்கள். அந்த முழுத்தொகை உங்களுக்கு 37-ஆவது மாதத்தில்தான் வரத் தொடங்கும். முதலாண்டு 6,000, பிறகு 8,000, 10,000, 12,000 என்று 48 மாதங்களுக்கும் கூட்டி வகுத்தால் மாதத்துக்குச் சராசரியாக 9,000 வருகிறது, அதுவும் சி.டி.சி.யில். நிலுவையும் அப்படித்தான். முதலாண்டு உயர்வின்படி ஒன்பது மாதத்துக்கு 54,000 வர வேண்டிய இடத்தில் 40,000 தருகிறார்கள். அதை நிலுவைச் சம்பளம் என்று எழுதாமல் 'ஒருமுறை உதவித்தொகை' என்று எழுதிவிட்டால், அடிப்படைச் சம்பளப் பகுதிக்குச் சேர வேண்டிய பி.எஃப். பங்களிப்பும் போய்விடும். வரைவில் எந்தச் சொல் இருக்கிறது என்று பாருங்கள்.

அடுத்தது அடிப்படைச் சம்பளம். பன்னிரண்டாயிரத்தில் 2,400தான் அதில் சேர்கிறது. சிறப்புப் படியாகவும் வருகைப் படியாகவும் வைத்திருக்கும் அந்த 6,000 அடிப்படையில் சேர்ந்திருந்தால், ஆண்டுக்கு 15 நாள் சம்பளம் என்ற பணிக்கொடைக் கணக்கில், இருபது ஆண்டுப் பணி முடித்து வெளியேறுபவருக்கு அந்தத் தொகைக்கு மட்டும் சுமார் 69,000 ரூபாய் கூடுதலாகக் கிடைக்கும். பஞ்சப்படியைப் பற்றி நீங்கள் ஒன்றுமே எழுதவில்லை. பழைய ஒப்பந்தத்தில் சென்னை நுகர்வோர் விலைக் குறியீட்டெண்ணோடு இணைந்த பஞ்சப்படி இருந்து, இந்த வரைவில் அது நிலையான தொகையாக மாறியிருந்தால், நான்காம் ஆண்டில் விலைவாசியே உங்கள் உயர்வில் பெரும்பகுதியைத் தின்றுவிடும்.

இதையெல்லாம்விட என்னை உறுத்துவது 1,300 என்ற இலக்குதான். எட்டு மணி நேர ஷிப்டில் சாப்பாட்டுக்கும் தேநீருக்கும் 50 நிமிடம், டை (இயந்திரத்தின் அச்சு) மாற்ற 25 நிமிடம் என்று வைத்துக்கொண்டால் மிஞ்சுவது 405 நிமிடம். 1,150 துண்டுகளுக்கு ஒரு துண்டுக்கு 21 நொடி கிடைக்கிறது. 1,300 என்றால் 19 நொடிகூட இல்லை. தகட்டை வைத்து, இரண்டு கைகளாலும் பொத்தான்களை அழுத்தி, அடித்த துண்டை எடுத்து, பிசிறு பார்த்து, தட்டில் அடுக்குவது வரை எல்லாம் அதற்குள் முடிய வேண்டும். இந்த இரண்டரை நொடியை எங்கிருந்து எடுப்பார்கள் என்று பிரஸ் ஷாப்பில் நின்றவர்களுக்குத் தெரியும்: ஒரு பொத்தானில் குச்சியைச் செருகிவிட்டு ஒரு கையால் ஓட்டத் தொடங்குவார்கள், கை உள்ளே போனால் இயந்திரத்தை நிறுத்தும் சென்சாரை மேற்பார்வையாளரின் கண் முன்னாலேயே அணைத்து வைப்பார்கள். என்னோடு வேலை செய்த ஒருவர் வலக்கையில் மூன்று விரல்களை இழந்தது இலக்கு உயர்ந்த இரண்டாவது மாதத்தில். இலக்கை உயர்த்துவதாக இருந்தால் சங்கப் பிரதிநிதி உடன் நிற்க வேலை நேர ஆய்வு நடத்த வேண்டும் என்றும், பாதுகாப்புக் கருவி வேலை செய்யாத இயந்திரத்தை ஓட்ட மறுக்கும் தொழிலாளி மீது நடவடிக்கை கூடாது என்றும் எழுத்தில் வாங்குங்கள். பணத்தை அதற்குப் பிறகு பேசலாம்.

பதில் 2: தொழிலாளர் வழக்கறிஞர், சென்னை

பெயர் வேறுபாடு எங்கிருந்து வந்தது என்பதிலிருந்து தொடங்குகிறேன். 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டத்தில், சமரச அலுவலர் முன்னிலையில் ஏற்படும் ஒப்பந்தம் பிரிவு 12(3)-இன் கீழ் வந்தது. நிர்வாகமும் சங்கமும் தமக்குள் பேசிக் கையெழுத்திடும் ஒப்பந்தம் பிரிவு 18(1)-இன் கீழ் வந்தது. 2025 நவம்பர் 21 முதல் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு நடைமுறையில் இருப்பதால் பிரிவு எண்கள் மாறிவிட்டன, ஆனால் இந்த வேறுபாடு அப்படியே தொடர்கிறது. நேரடி ஒப்பந்தம் அதில் கையெழுத்திட்ட தரப்பினரை மட்டுமே கட்டுப்படுத்தும். சமரச நடவடிக்கையின்போது ஏற்படும் ஒப்பந்தமோ, சங்க உறுப்பினரோ இல்லையோ, அந்த நிறுவனத்தின் தொழிலாளர்கள் அனைவரையும், பின்னர் வேலைக்குச் சேருபவர்களையும் சேர்த்துக் கட்டுப்படுத்தும். நேரடி ஒப்பந்தம் போட்ட பிறகு, உறுப்பினரல்லாத ஒவ்வொருவரிடமும் தனித்தனியே ஒப்புதல் கடிதம் எழுதி வாங்கும் வேலை பெரும்பாலும் தொடங்கும். சங்கத்தின் பலம் கரைவது அங்கிருந்துதான். ஆனால் ஒன்று: வரைவு மோசமாக இருந்தால், 12(3)-இல் கையெழுத்திடுவது அதே மோசமான வரைவை அனைவர் மீதும் கட்டிவிடும். எனவே உள்ளடக்கத்தைச் சரிசெய்த பிறகே சமரச அலுவலர் முன்பு போக வேண்டும்.

வொர்க்ஸ் கமிட்டி மிரட்டலுக்கு அஞ்ச வேண்டாம். அன்றாடப் பணியிடப் பிரச்சினைகளில் இணக்கம் காண்பதற்கான அமைப்பு அது. கூட்டுப் பேரத்தில் சங்கத்தின் இடத்தை அது எடுத்துக்கொள்ள முடியாது. 1960-இல் நார்த்புரூக் சணல் ஆலை வழக்கில், வொர்க்ஸ் கமிட்டி ஒப்புக்கொண்டதாலேயே தொழிலாளர்கள் கட்டுப்பட்டவர்கள் ஆகிவிட மாட்டார்கள் என்று உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. ஸ்ரீபெரும்புதூர் அருகே உள்ள சாம்சங் ஆலையின் வேலைநிறுத்தம் உங்களுக்கு அருகிலேயே நடந்தது. 2024 செப்டம்பர் 9-இல் தொடங்கிய அந்தப் போராட்டத்தின் நடுவே, அக்டோபரில் நிறுவனம் வேறொரு தொழிலாளர் குழுவோடு உடன்பாடு கண்டதாக அறிவிப்பு வந்தது. போராட்டத்தில் இருந்தவர்கள் அதை ஏற்கவில்லை. வேலைநிறுத்தம் 37 நாட்கள் வரை நீடித்தது, சங்கப் பதிவு 2025 ஜனவரியில் கிடைத்தது. உங்கள் நிலை அதைவிட வலுவானது. வருகைப் பதிவேட்டில் உள்ள தொழிலாளர்களில் 51 விழுக்காட்டினரின் ஆதரவு உள்ள சங்கத்தையே ஒரே பேச்சுவார்த்தைச் சங்கமாக ஏற்க வேண்டும் என்று புதிய சட்டம் சொல்கிறது. 340-இல் 290 போதுமானது. இருந்தாலும் குறித்த காலப் பணியாளர்கள் எத்தனை பேர் பதிவேட்டில் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அம்பத்தூர் ஐயா சொன்ன படிகள் பற்றி ஒரு திருத்தம். புதிய சட்டத் தொகுப்புகளின் ஊதிய வரையறையில், ஊதியக் கணக்கில் சேராமல் விலக்கப்பட்ட படிகள் போன்ற இனங்களின் கூட்டுத்தொகை மொத்த ஊதியத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதி ஊதியமாகவே கணக்கிடப்படும். ஆகவே பணிக்கொடை இழப்பு அவர் கணக்கிட்ட அளவுக்கு இல்லாமல் போகலாம். ஆனாலும் அதை நம்பி அடிப்படைச் சம்பளத்தை விட்டுக்கொடுக்காதீர்கள்.

பதில் 3: மின்னணு ஆலைத் தொழிலாளி, ஸ்ரீபெரும்புதூர்

இங்கே யாரும் குறிப்பிடாத ஒன்றைச் சொல்ல வேண்டும். 2019-இல் எங்கள் ஆலையில் ஒப்பந்தம் முடிந்தபோது என் மொத்தச் சம்பளம் 19,800-இலிருந்து 22,600 ஆனது. எல்லோருக்கும் இனிப்பு வாங்கிக் கொடுத்தோம். என் அம்மாவுக்கு அப்போது இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) மூலம் வாரம் இரண்டு முறை டயாலிசிஸ் நடந்துகொண்டிருந்தது. இ.எஸ்.ஐ.க்கான மாதச் சம்பள வரம்பு 21,000 ரூபாய் என்பது எனக்குத் தெரியும், ஆனால் உயர்வுக்கு வாக்களித்தபோது அதை நான் யோசிக்கவே இல்லை. வரம்பைத் தாண்டிய உடனே சிகிச்சை நின்றுவிடாது. அந்தப் பங்களிப்புக் காலம் முடியும் வரை தொகை பிடிப்பார்கள், அதற்குரிய பயன்காலம் முடியும் வரை சிகிச்சையும் உண்டு. எங்களுக்கு ஜூன் மாதத்தோடு முடிந்தது. ஜூலையிலிருந்து ஒவ்வொரு முறையும் கையிலிருந்து கட்டினோம். 2,800 ரூபாய் உயர்வு இரண்டு வாரச் செலவுக்குக்கூடப் போதவில்லை. நிறுவனத்தின் மருத்துவக் காப்பீட்டில் பெற்றோருக்கு இடமில்லை.

வரம்பு இன்றும் 21,000தான். எந்தெந்தப் படிகள் கணக்கில் சேரும் என்பது புதிய வரையறையால் மாறியிருப்பதால், உங்கள் ஆலையில் எத்தனை பேர் இந்த உயர்வால் இ.எஸ்.ஐ.யை விட்டு வெளியே போவார்கள் என்று நிர்வாகத்திடம் எழுத்தில் கேளுங்கள். அவர்களுக்குப் பெற்றோரையும் சேர்த்த காப்பீடு வேண்டும் என்பதை ஒப்பந்தத்திலேயே ஒரு ஷரத்தாகப் போடச் சொல்லுங்கள். வருகைப் படியையும் பாருங்கள். ஒரு நாள் விடுப்பு எடுத்தால் முழுத்தொகையும் போகும் என்று இருந்தால், மாதவிடாய் வலியோடு வேலைக்கு வரும் பெண்களும் காய்ச்சலோடு வரும் ஆண்களும்தான் அந்தப் படியைச் சம்பாதிப்பார்கள்.

பதில் 4: இளம் தொழிலாளி, மறைமலைநகர்

பெரியவர்கள் சொல்வதை மதிக்கிறேன். ஆனாலும் ஆறு ஏழு ஆண்டு அனுபவம் உள்ளவர்களின் நிலையையும் யாராவது சொல்ல வேண்டும். வாடகை, பைக் தவணை, தங்கை கல்லூரிக் கட்டணம் என்று இருப்பவர்களுக்கு ஒன்பது மாதம் உயர்வே இல்லாமல் ஓட்டியது பெரிய பாரம். 'நிராகரித்துவிட்டுப் போராடுவோம்' என்று மேடையில் சொல்பவர்கள், அடுத்த ஆறு மாதத்துக்கு அவர்கள் எப்படிச் சமாளிப்பார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எங்கள் ஆலையில் சங்கம் இடைக்கால நிவாரணமாக மாதம் 3,000 ரூபாய் கேட்டு வாங்கியது, இறுதி ஒப்பந்தத்தில் அது கழிக்கப்பட்டது. அப்படி ஒரு கோரிக்கையை ஞாயிற்றுக்கிழமை முன்வைத்தால், ஏற்பவர்களும் எதிர்ப்பவர்களும் ஒரே பக்கம் நிற்க வழி கிடைக்கும்.

மறுமொழி: ஒரகடம் தொழிலாளி

எல்லோருக்கும் நன்றி. வரைவின் நகலை இன்று வாங்கிப் பார்த்தேன். நிலுவைக்கு 'ஒருமுறை உதவித்தொகை' என்றுதான் எழுதியிருக்கிறது. பஞ்சப்படி பற்றி ஒரு வரிகூட இல்லை. நாளை முதல் ஷிப்டில் நானும் இன்னொருவரும் எங்கள் இரண்டு இயந்திரங்களில் ஒரு துண்டுக்கு ஆகும் நேரத்தைக் குறிக்கப் போகிறோம். வழக்கறிஞர் தோழரிடம் ஒரு கேள்வி: சமரச அலுவலரிடம் மனு கொடுத்துவிட்டால், அதற்குப் பிறகு நிர்வாகம் தன்னிச்சையாக இலக்கை உயர்த்த முடியுமா? பழைய ஒப்பந்தம் காலாவதி ஆகிவிட்டதால் எங்களுக்கு எந்தப் பாதுகாப்பும் இல்லை என்று மனிதவளத் துறையில் சொல்கிறார்கள்.

பதில் 5: தொழிலாளர் வழக்கறிஞர், சென்னை

அவர்கள் சொல்வது சரியல்ல. ஒப்பந்தக் காலம் முடிந்தாலும், அதை முடித்துக்கொள்வதாக ஒரு தரப்பு எழுத்தில் அறிவிப்புக் கொடுத்து அறுபது நாட்கள் கழியும் வரை அது கட்டுப்படுத்தும். அத்தகைய கடிதத்தை உங்கள் சங்கமோ நிர்வாகமோ கொடுத்திருக்கிறதா, கொடுத்திருந்தால் எந்தத் தேதியில் என்று முதலில் பாருங்கள். சமரச நடவடிக்கை நடந்துகொண்டிருக்கும்போது, தகராறுக்கு உட்பட்ட வேலை நிபந்தனைகளைத் தொழிலாளர்களுக்குப் பாதகமாக மாற்றக் கூடாது. 1,300 இலக்கை மனுவில் தகராறாகவே குறிப்பிடுங்கள். அதே காலத்தில் உங்கள் தரப்புக்கும் தடை உண்டு. சமரசம் நடக்கும்போதும் அது முடிந்து ஏழு நாட்கள் வரையிலும் வேலைநிறுத்தம் செய்ய முடியாது. மற்ற நேரத்திலும் 14 நாள் முன்னறிவிப்பு வேண்டும். பாதிப் பேரோ அதற்கு மேலோ ஒரே நாளில் சேர்ந்து தற்செயல் விடுப்பு எடுத்தால் அதுவும் இப்போது வேலைநிறுத்தமாகவே கருதப்படும். இதை வாக்கெடுப்புக்கு முன்பே பொதுக்குழுவில் வாசித்துவிடுங்கள். இயந்திரத்தில் நேரம் குறிக்கும் தாளில் தேதி, ஷிப்ட், இயந்திர எண் மூன்றையும் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். மனுவோடு இணைக்க வேண்டிய முதல் ஆவணம் அதுதான்.