கலகலவில் 'கல' இருக்கிறதே?

பினாங்கு ஜெலுத்தோங்கில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு மாலை வேளையில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். தமிழ்ப்பள்ளிப் பாடத்தில் இரட்டைக்கிளவி உண்டு. கலகல, சலசல, தரதர, குடுகுடு என்று பட்டியல் நீளும். "இரட்டித்தே வரும், பிரித்தால் பொருள் தராது" என்று பிள்ளைகள் ஒரே மூச்சில் ஒப்பித்துவிடுவார்கள்.

ஐந்தாம் ஆண்டு படிக்கும் ஒரு பெண் மட்டும் அதை ஏற்கவில்லை. "டீச்சர், கல என்றால் கலப்பதுதானே? குறுகுறுவில் குறு இருக்கே, குறு என்றால் சின்னது. அப்புறம் எப்படிப் பொருள் தராது?"

எவ்வளவு நல்ல கேள்வி! 'பிரித்தால் பொருள் தராது' என்பதை 'பிரித்தால் அந்தப் பொருள் தராது' என்று சொல்லிக்கொடுக்க வேண்டும். 'கல' தனியே இருக்கலாம். ஆனால் சிரிப்பின் ஓசை அதில் இல்லை. 'இரட்டைக்கிளவி இரட்டிற் பிரிந்திசையா' என்று தொல்காப்பியம் சொல்லதிகாரத்தில் சொல்வதும் இதைத்தான் என்பது என் எண்ணம்: சேர்ந்து தரும் பொருளைப் பிரிந்து தராது.

அவளுக்குச் சட்டென்று புரிந்தது மலாய் மூலம். மலாயில் 'புக்கு-புக்கு' என்றால் புத்தகங்கள். ஒன்றை எடுத்துவிட்டாலும் மிச்சம் புத்தகம்தான். 'குப்பு-குப்பு' பட்டாம்பூச்சி; அதில் பாதியை மட்டும் யாரும் சொல்வதில்லை. சரி, 'மாத்தா-மாத்தா'? "போலீஸ்காரர்! எங்க தாத்தா அப்படித்தான் சொல்வார்" என்றாள். ஒற்றை மாத்தாவோ கண். சொல் இருக்கிறது, போலீஸ்காரர் இல்லை. "அப்போ கலகலவும் அப்படியா டீச்சர்?" என்று அவளே கேட்டுவிட்டாள்.

ஒரே சொல் அடுக்கி வரும் அடுக்குத்தொடரை இரட்டைக்கிளவியிலிருந்து வேறுபடுத்திக் காட்டுவதும் இதனால் எளிதானது. "பாம்பு பாம்பு" என்று அலறினால், ஒன்றை நீக்கினாலும் பாம்பு போய்விடாது. பயத்துக்கு ஏற்ப மூன்று, நான்கு முறைகூட வரும். இடைவெளி விட்டு எழுதுவோம். இரட்டைக்கிளவி இரண்டோடு நிற்கும், சேர்த்தே எழுத வேண்டும். 'சல சல' என்று பிரித்தெழுதும் பழக்கம் நம் பெரியவர்களிடமே இருக்கிறது. அதைப் பார்த்துத்தான் பிள்ளைகளும் எழுதுகிறார்கள்.

இப்போதெல்லாம் நான் பட்டியல் கொடுப்பதில்லை. வாக்கியம் எழுதச் சொல்லி, சொல்லின் பாதியை விரலால் மறைத்துப் படிக்கச் சொல்கிறேன். "குடுவென ஓடினார்" என்று படித்ததும் பிள்ளைகளே விரலை எடுத்துவிடுகிறார்கள்.