வண்டி உரசல், ஆட்டோ காசுத் தகராறு: வேலூர் ரோட்டுல அடிதடி ஆகாம வெளிய வர்றது

வேலூர்ல நாலு பகுதிக்காரங்க ஆளுக்கொண்ணு சொல்றாங்க.

பாலாத்தங்கரை:
காட்பாடி - வேலூர் பாலாத்துப் பாலத்துல வண்டி உரசிட்டா நடுப்பாலத்துலயே நிறுத்தி ஆரம்பிச்சுடுறாங்க. பின்னாடி ஹாரன், ஒதுங்க இடம் கிடையாது. யாருக்கும் காயம் இல்லன்னா, "பாலம் தாண்டி ஓரமா பேசிக்கலாம்ணே"ன்னு கையைக் காட்டிட்டு மெதுவா நகருங்க. அதுக்குள்ளயே சூடு கொஞ்சம் இறங்கிடும். நின்னதும் வண்டி உங்களுக்கும் அவருக்கும் நடுவுல இருக்கட்டும். ஹெல்மெட்டைக் கழட்டாதீங்க, கண்ணாடியை மட்டும் தூக்கிக்கலாம். எதிராளி வண்டிச் சாவியை உருவுற வேலையே வேணாம். வாய்ச்சண்டை கைச்சண்டையா மாறுறது பெரும்பாலும் அங்கதான். நம்பர் பிளேட்டைப் படம் எடுத்தா போதும்.

காந்தி ரோடு லாட்ஜ்:
சாவி விஷயம் நூத்துக்கு நூறு. இந்தப் பக்கம் வேற கதை. வைத்தியத்துக்கு வர்ற வங்காளக் குடும்பத்துக்குத் தமிழ் தெரியாது, ஆட்டோக்காரருக்கு அவங்க பாஷை தெரியாது, ரெண்டு பேரும் கத்துனா புரியும்னு நெனச்சுக் கத்துறாங்க. ஏறுறதுக்கு முன்னாடியே செல்போன்ல தொகையைத் தட்டிக் காட்டுங்க. ஆளுக்கா, வண்டிக்கான்னு கேக்க மறந்துடாதீங்க, பாதிச் சண்டை அதுல.

விலக்கப் போறவங்க நடுவுல நுழையக் கூடாது, முதல் அடி அவங்களுக்குத்தான். அதிகமா கத்துறவர் பக்கவாட்டுல நின்னு, "எங்கண்ணே ஏத்துனீங்க?"ன்னு பதில் யோசிக்கிற மாதிரி ஒண்ணு கேளுங்க. தோள்ல கை போடாதீங்க. "அமைதியா இருங்க"ன்னு சொன்னா இன்னும் ஏறும்.

சத்துவாச்சாரி:
லுங்கியை மடிச்சுக் கட்டுறதைப் பாத்து பயப்படாதீங்க, அது பழக்கம். வாட்ச்சைக் கழட்டுறது, கத்திக்கிட்டு இருந்தவர் திடீர்னு வாயை மூடுறது, ஒரு காலைப் பின்னாடி வைக்கிறது, இது மூணும்தான் ஆபத்து. ரெண்டு கை நீளம் தள்ளி, உடம்பைக் கொஞ்சம் திருப்பி, உள்ளங்கை தெரியிற மாதிரி கையை நெஞ்சு உயரத்துல வைங்க. பாத்தா சமாதானம் மாதிரிதான் இருக்கும், அடி வந்தா முகத்தை மறைக்க கை ரெடியா இருக்கும். விரலை நீட்டாதீங்க. அவர் "டா" போட்டாலும் நீங்க "அண்ணே"யை விடாதீங்க. சுத்தி ஆள் நின்னா அவர் தோத்துப் போன மாதிரி தெரியக் கூடாது, "சரிண்ணே, என் மேலயும் தப்புதான்"னுட்டுக் கடைக்குள்ள போயிடுங்க. வீடியோவை அவர் மூஞ்சிக்கு நேரா நீட்டாம, தள்ளி நிக்கிறவங்க எடுக்கட்டும்.

தொரப்பாடி:
அடி விழுந்துட்டா அவசர எண் 112-க்கு போன் பண்ணுங்க. முதல்ல இடத்தைச் சொல்லுங்க: "வேலூர், கிரீன் சர்க்கிள், புது பஸ் ஸ்டாண்டு பக்கம்." தற்காப்புக்குத் திருப்பி அடிக்கச் சட்டம் இடம் கொடுக்குது, ஆனா தேவைக்கு மேல கூடாது. ஓடுறவரைத் துரத்தி அடிச்சா கேஸ் உங்க மேல திரும்பும். 2024 ஜூலை 1-ல இருந்து சாதாரணக் காயத்துக்கு பி.என்.எஸ். (ஐ.பி.சி.க்குப் பதிலா வந்த குற்றவியல் சட்டம்) பிரிவு 115(2): ஒரு வருஷம் வரை சிறை, இல்ல ₹10,000 வரை அபராதம், இல்ல ரெண்டும்.

அன்னிக்கே அடுக்கம்பாறை ஜி.ஹெச். போய், எதால அடிச்சாங்கன்னு சொல்லி ஏ.ஆர். (ஆஸ்பத்திரி விபத்துப் பதிவேடு) பதிவு போடச் சொல்லுங்க. போலீஸ் ஸ்டேஷன்ல மனுவுக்கு சி.எஸ்.ஆர். ரசீது (புகார் வாங்குனதுக்கான ரசீது) வாங்காம வராதீங்க. தலை தரையில மோதியிருந்தா ரத்தம் வரலன்னு விட்டுடக் கூடாது. வாந்தி, தூக்கக் கலக்கம், பேச்சுக் குழறல்னு வந்தா ராத்திரின்னு பாக்காம உடனே கூட்டிட்டுப் போங்க.