டிரில்லிங் மெஷினின் ரன் அவுட்டுக்குத் தமிழ்ச்சொல்: ‘சுழல்பிசகு’

அனைவருக்கும் வணக்கம்.

வீட்டுப் பட்டறைக்கு ஒரு பெஞ்ச் டிரில்லிங் மெஷின், பத்தாயிரம் ரூபாய்க்குள் எதைப் பார்த்து வாங்குவது என்று பெருந்துறைத் தம்பி கேட்டார். மோட்டார் எத்தனை எச்.பி., சக் (துளையிடும் பிட்டைக் கவ்விப் பிடிக்கும் பகுதி) எத்தனை மி.மீ. என்பதெல்லாம் மெஷினிலேயே எழுதி ஒட்டியிருக்கும். ரன் அவுட், அதாவது சுழலும்போது பிட் தன் அச்சைவிட்டு விலகிச் சுற்றுவது, எவ்வளவு என்று யாரும் ஒட்டுவதில்லை. மலிவான மெஷின்களில் நல்லதையும் கெட்டதையும் பிரித்துக் காட்டுவது பெரும்பாலும் அதுதான். அதற்கு நம்மிடம் ஒரு பெயர் இருந்தால்தான் கடைக்காரரிடம் கேட்கவே முடியும். அதனால் இந்தச் சொல்லை முடிவு செய்துவிடுவது நல்லது.

> ‘ஆட்டம்’ என்ற சொல்லே போதுமே? கோவை கணபதிப் பக்கம் பட்டறைகளில் எல்லாவற்றுக்கும் “ஆட்டம் இருக்குதுங்க” என்றுதான் சொல்கிறார்கள்.

அண்ணா, எல்லாவற்றுக்கும் சொல்வதில்தான் சிக்கலே. மெஷினை நிறுத்திவிட்டு, கைப்பிடியைச் சுற்றி சக்கை முழுக்கக் கீழே இறக்கி, பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். லொடலொட என்று அசைந்தால் அது ஆட்டம். ஸ்பிண்டிலை, அதாவது சக்கைச் சுழற்றும் தண்டைத் தாங்கி இறங்கும் குழல் தன் துளையில் தளர்ந்திருக்கிறது. சில மெஷின்களில் தலைப்பகுதியின் பக்கத்தில் இதற்கென்றே ஒரு திருகும் பூட்டு நட்டும் இருக்கும். கொஞ்சம் இறுக்கினால் குறைந்துவிடும்.

ரன் அவுட் வேறு. சக்கில் நேரான, வழுவழுப்பான ஒரு கம்பியை மாட்டி, டயல் கேஜின் (நுண்ணிய அசைவை முள்ளால் காட்டும் அளவுக்கருவி) முனையை அதன்மேல் வைத்து, பெல்ட்டைக் கையால் மெதுவாக நகர்த்த வேண்டும். முள் ஒரு சுற்றில் 0.10 மி.மீ. ஏறி இறங்கினால், எங்கேயும் தளர்வே இல்லாவிட்டாலும் பிட் தன் அச்சில் சுழலவில்லை, அதைச் சுற்றி ஒரு சின்ன வட்டம் போடுகிறது என்று பொருள். 10 மி.மீ. பிட்டில் மரத்தைத் துளைக்கிறவருக்கு இது தெரியவே தெரியாது. 1 மி.மீ. பிட்டைப் போடுகிறவருக்குத் துளை பெரிதாகும், பிட் பட்டென்று ஒடியும். திருகை இறுக்கினால் தீருகிற குறையும் இதுவும் ஒரே பெயரில் இருந்தால் வாங்குகிறவர் ஏமாந்துதான் போவார். ஆகவே ‘ஆட்டம்’ தளர்வுக்கே இருக்கட்டும். பட்டறைக்காரர் வாயிலிருந்து அதைப் பிடுங்க வேண்டாம்.

‘ஓட்டவிலகல்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். இங்கே எதுவும் ஓடவில்லை. ‘மையவிலகல்’ நல்ல சொல், ஆனால் பள்ளிப் பாடத்தில் மையவிலக்கு விசை படித்த பிள்ளை உடனே அங்கே போய்விடும். ‘அச்சுவிலகல்’ என்றால் மெஷின் தெரியாதவருக்கு அச்சகம்தான் நினைவுக்கு வரும். அதோடு, ஸ்பிண்டில் மேசைக்குச் செங்குத்தாக இல்லாமல் சாய்ந்திருப்பது என்று ஒரு குறை இருக்கிறது. அச்சு விலகுவது உண்மையில் அதில்தான்.

என் பரிந்துரை ‘சுழல்பிசகு’. சுழலும்போது தெரிகிற பிசகு, வினைத்தொகை. அதனால் ‘சுழற்பிசகு’ என்று புணர்க்க வேண்டியதில்லை, சொல்லவும் எளிது.

> பிசகு என்றால் தப்பு என்றாகிவிடாதா? நல்ல மெஷினிலும் கொஞ்சம் இருக்கத்தானே செய்யும்?

ஈரோட்டு அம்மா கேட்டது நியாயம். ஆனால் கழுத்து பிசகிக்கொண்டது என்கிறோமே, அங்கே தப்பு என்ற பொருள் இல்லை, இருந்த இடத்தைவிட்டு நகர்ந்தது என்பதுதான். அந்தப் பொருளைத்தான் இங்கே எடுக்கிறேன். “சுழல்பிசகு 0.03 மி.மீ.” என்று அளவோடு எழுதினால் குறை சொல்வதாகத் தோன்றாது, அளவாகவே படியும். சாய்வுக் குறையைச் ‘செங்குத்துப் பிசகு’ என்று சொல்லிக்கொள்ளலாம்.

வரையறையில் ஒன்றைக் கறாராக வைக்க வேண்டும். கேஜ் காட்டுவது முள்ளின் மொத்த ஏற்ற இறக்கம். மையம் நகர்ந்திருப்பது அதில் பாதிதான். ஒருவர் முழுசையும் இன்னொருவர் பாதியையும் சுழல்பிசகு என்று எழுதினால் சொல் இருந்தும் பயனில்லை. கேஜில் தெரியும் முழு அளவுக்கே இந்தப் பெயர் என்று நம் கலைச்சொல் பட்டியலில் பதியக் கோருகிறேன்.

அப்புறம் தம்பிக்கு. பிசகு எங்கிருந்து வருகிறது என்று பார்க்காமல் மெஷினை ஒதுக்கிவிடாதீர்கள். சக்கைக் கழற்றி, அது உட்காரும் கூம்பை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, மறுபடி தட்டி உட்கார வைத்தாலே பாதி குறைந்துவிடுவதும் உண்டு. ஒரு துளி இரும்புத்தூள் போதும், சக் கோணலாக உட்கார. அப்படியும் தீராவிட்டால் கேஜை நேராக ஸ்பிண்டில் மேலேயே வைத்துப் பாருங்கள். அங்கே சரியாக இருந்தால் குறை சக்கில். நல்ல சக் ஒன்று மாற்றினால் முடிந்தது, விலையைப் பேசி வாங்கலாம். ஸ்பிண்டிலே பிசகினால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

கோவை உக்கடத்தில் பழைய மெஷின் பார்க்கும் எண்ணம் இருந்தால் மோட்டாரையும் கவனியுங்கள். பம்ப் பட்டறைகளில் ஓடிய கனத்த வார்ப்பிரும்பு மெஷின் கிடைத்தால் யோகம்தான், ஆனால் பெரும்பாலும் த்ரீ ஃபேஸ் மோட்டாராக இருக்கும். வீட்டில் சிங்கிள் ஃபேஸ் என்றால் அரை எச்.பி. மோட்டார் மாற்றும் செலவையும் அந்தப் பத்தாயிரத்துக்குள்ளேயே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். போகும்போது டயல் கேஜையும் அதைப் பிடித்து நிறுத்தும் மேக்னட் ஸ்டேண்டையும் கையோடு எடுத்துப் போங்கள், இரவல் வாங்கியாவது.