குளிர்காலக் காளான்: ஒரே கொத்தில் இரண்டு சாதி

கென்ட்வாசி:
போன ஜனவரி முதல் வாரம். வெல்வெட் ஷாங்க் என்ற, சாப்பிடுகிற காளானைத் தேடிப் போனேன். இங்கிலாந்தில் காளான் பறிக்கிறவர்களுக்கு அதைச் சொல்லத் தேவையில்லை. உறைபனியிலும் முளைக்கும், ஆரஞ்சுத் தொப்பி, கறுத்த வெல்வெட் காம்பு. விழுந்து கிடந்த மரத்தில் கொத்துக் கொத்தாக இருந்தது. பை நிறையப் பறித்து, பாதியை மேல் ஃபிளாட் யாழ்ப்பாணத்து அக்காவிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.

ராத்திரி சுத்தம் செய்யும்போது ஒரு காம்பில் மெல்லிய வளையம். வெல்வெட் ஷாங்குக்கு வளையமே கிடையாது. செருப்புகூடப் போடாமல் மாடிக்கு ஓடினேன். அடுப்பில் எண்ணெய் காய்கிறது, அக்கா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருக்கிறார். "என்ன தம்பி, உப்பு வேணுமோ?" என்றார். எனக்கு வாய் வரவில்லை. தட்டை அப்படியே தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டேன்.

விதைத்தூளின் நிறம் பார்க்க, தொப்பிகளைக் கண்ணாடி மேல் கவிழ்த்து வைத்திருந்தேன். விடிந்து பார்த்தால் நாலின் கீழே வெல்வெட் ஷாங்கின் வெள்ளைத் தூள், ஒன்றின் கீழே மட்டும் துருப் பழுப்பு. கலேரினா, ஆளைக் கொல்லும் விஷக்காளான். ஒரே மரம், ஒரே கொத்து.

கோபிக்காரன்:
ரொம்பப் பயப்படுகிறீர்கள். எங்கள் ஆத்தா ஐப்பசி மழைக்குப் புற்றுக்காளான் பறித்து வந்தால், கொதிக்கிற குழம்பில் ஒரு வெள்ளிக்காசு போடும். கறுக்கவில்லை என்றால் சாப்பாடு. ஒரு தடவை கறுத்துப்போய், மொத்தக் குழம்பையும் குப்பைக்குழியில் கொட்டியது. அந்த வாசனை இன்னும் மூக்கில் இருக்கிறது. புழு தின்ற காளான் என்றாலும் தைரியமாகச் சாப்பிடலாம்.

ஈரமண்:
கோபி அண்ணே, கோபித்துக்கொள்ளாதீர்கள், ஆனால் இதை யாராவது படித்துவிட்டு நம்பிவிடக் கூடாது. கலேரினாவில் இருப்பது அமடாக்சின் என்ற விஷம். அது வெள்ளியைக் கறுக்க வைக்காது. கொதிக்க வைத்தாலும் வறுத்தாலும் போகாது. புழு, நத்தை எல்லாம் விஷக்காளானைத் தின்றுவிட்டுச் சும்மா போகும், அதன் உடம்பு வேறு. உங்கள் ஆத்தாவைக் காப்பாற்றியது காசு இல்லை, புற்றுக்காளானை நாற்பது வருஷம் பார்த்த கண்.

இன்னொன்று. சாப்பிட்டதும் வாந்தி வந்தால்தான் விஷம் என்று நினைக்கிறார்கள். அமடாக்சினில் ஆறு மணி நேரம், சில சமயம் பன்னிரண்டு மணி நேரம் கழித்துத்தான் வயிறு கலக்கும். அப்புறம் ஒரு நாளைக்குச் சரியானது மாதிரி இருக்கும். அந்த நேரத்தில் ஈரல் கெட்டுக்கொண்டிருக்கும். சந்தேகம் வந்தவுடனே, மிச்சக் காளானையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், காத்திருக்கக் கூடாது.

கென்ட்வாசிக்கு: வளையத்தை மட்டும் நம்பாதீர்கள், கலேரினாவில் அது உதிர்ந்தும் போகும். கொத்தாகப் பிடுங்காமல் ஒவ்வொன்றாகக் காம்போடு பார்த்துப் பையில் போடுங்கள். லண்டனை ஒட்டிய எப்பிங் காட்டுப் பக்கம் போனால் பறிக்கவே கூடாது, தடை.

என் கதை பெரிதாக ஒன்றுமில்லை. எல்டர் மரத்தில் காதுக்காளானைத் தொட்டதும் நிஜக் காது என்று அலறிவிட்டேன். கூட வந்தவர்கள் இன்றுவரை விடவில்லை.

கோபிக்காரன்:
சரி, காசை விட்டுவிடுகிறேன். ஆத்தாவை விடமாட்டேன். கென்ட்வாசி, அந்த மாடி அக்கா அப்புறம் உங்களிடம் ஏதாவது வாங்கினாரா?

கென்ட்வாசி:
அடுத்த வாரமே தைப்பொங்கல். சர்க்கரைப் பொங்கல் கொண்டுபோனேன். மூடியைத் திறந்து பார்த்தார். "இதுக்குள்ள ஒண்டும் இல்லைத்தானே தம்பி?" என்றார். முந்திரியைக்கூட ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் வாங்கினார்.